எல்லா வீட்டுக்கும் காட்டப்பட்டது

செருப்பை வாசல்லயே விட்டுட்டு வாங்க. அந்த நீல ரப்பர் செருப்பைப் போட்டுக்கங்க. அய்யோ, அது ரெண்டும் ஒரே காலு, வேற எடுங்க. இந்த பெஞ்சு வரைக்கும்தான் வரலாம், முன்னாடியே சொல்லிடறேன். எலி இருக்கிற ரூமுக்குள்ள வெளியாளுங்களை விடறதில்ல. மந்திரியே வந்தாலும் இந்த பெஞ்சுதான். உக்காருங்க. உங்களுக்கு என்னைவிட ரெண்டு வயசு கூட இருக்கும்போல. அக்கான்னே கூப்பிடறேன். என் பேரு சகாயமேரி.

மாடியில டிபார்ட்மென்ட் பூட்டிக் கிடக்கா? கிடக்கும். ஞானசுந்தரி மேடம்தான் இங்க பெரிய பேராசிரியை. அவங்க காரை எடுத்துக்கிட்டு ஜங்ஷனுக்குப் போயிருக்காங்க. மைசூர்லேர்ந்து எக்ஸாமினர் வர்றாரு, அவரைக் கூட்டிட்டு வரணும். ரயில் ரெண்டு மணி நேரம் லேட்டாம். நீங்க பஸ்ஸா? நல்ல காரியம் பண்ணீங்க.

இன்னைக்குப் பதினோரு மணிக்கு எங்க லோசனிக்கு வைவா. முழுப் பேரு மீனலோசனி. புதுக்கோட்டைப் புள்ள. மேடத்துக்கிட்ட அஞ்சு வருஷமா எலியை வச்சு ஆராய்ச்சி பண்ணி, செங்கல் தண்டிக்குப் புத்தகம் எழுதிக் குடுத்திருக்கு. இன்னைக்கு அந்த மைசூர்க்காரர் எதிர்ல நின்னு, அவர் கேக்கறதுக்கெல்லாம் வாயைத் திறந்து பதில் சொன்னாத்தான் டாக்டர் பட்டம். இல்லேன்னா இன்னொரு தடவை எழுதிக் கொண்டான்னு புத்தகத்தைத் திருப்பி அனுப்பிடுவாராம். கவலையே அந்த வாயைத் திறக்கிற விஷயம்தான். எங்க லோசனி திறக்காது.

நீங்க பொண்ணை எம்.எஸ்சி. சேர்க்க வந்திருக்கீங்க, சரிதானே? இருங்க, இருங்க, அவசரப்படாதீங்க. நான் சொல்லி முடிச்சுடறேன், அப்புறம் நீங்க சொல்லுங்க. சேர்க்கிறதுக்கு முன்னாடி இந்த இடத்தோட லட்சணம் தெரிய வேணாமா?

நான் யாரு விஷயத்துலயும் தலையிடற ஆள் இல்ல. அதை முதல்ல சொல்லிடறேன். பதினெட்டு வருஷமா இந்த எலி வீட்டைப் பாத்துக்கறேன். வெளிய பலகையில என்னமோ பெருசா எழுதியிருப்பாங்க, எங்களுக்கு எலி வீடு. உமி மாத்தறது, தண்ணி பாட்டில் கழுவறது, தீனி போடறது, குட்டி போட்டா எண்ணி நோட்டுல எழுதறது. நான் உண்டு, என் வேலை உண்டு.

லோசனி வந்த புதுசுல ஒரு மாசம் வரைக்கும் அதுக்குப் பேச்சே வராதுன்னு நினைச்சுட்டேன். காலையில வரும், ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டு மாடிப்படியில தனியா உக்காந்துக்கும். பாக்கப் பொறுக்குமா? கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி தாவரவியல் டீச்சருங்க மேசையில உக்கார வச்சேன். வாட்ச்மேன், கேன்டீன் மாஸ்டர், ஜெராக்ஸ் கடைக்காரர் சம்சாரம், எல்லார்கிட்டயும் "இது லோசனி, நம்ம புள்ள, கொஞ்சம் கூச்சம்"னு சொல்லி வச்சேன். அவங்க அம்மாவுக்கே ஒரு போன் போட்டு, "புள்ள யாரோடயும் சேர மாட்டேங்குது, என்னன்னு கேளுங்க"ன்னு சொன்னேன். நம்பர் எப்படிக் கிடைச்சுதுன்னு கேக்காதீங்க. மூணாம் நாள்லேர்ந்து புள்ள மாடிப்படியையும் விட்டுட்டு மொட்டை மாடிக்குப் போயிடுச்சு. வெயில்ல உக்காந்து சாப்பிட்டா உடம்புக்கு நல்லதுன்னு யாரோ சொல்லியிருப்பாங்கபோல.

என்ன ஆராய்ச்சின்னு நீங்க கேக்கல. கேக்கலைன்னாலும் சொல்றேன். ஆட்டிசம். "இதெல்லாம் ஆட்டிசம் வந்த எலியா?"ன்னு ஒரு நாள் கேட்டேன். உடனே, "அப்படிச் சொல்லக் கூடாதுக்கா. எலிக்கு ஆட்டிசம்னு ஒண்ணு இல்ல. மனுஷங்கள்ல சிலருக்கு மாறியிருக்கிற ஒரு ஜீனை இந்த எலிங்களுக்கும் மாத்தியிருக்கு. அதனால பழகற விதத்துல என்ன மாறுதுன்னு மட்டும் பாக்கறோம். எலியைப் பாத்துட்டு ஒரு குழந்தையைப் பத்தி முழுசாச் சொல்லிட முடியாது"ன்னுச்சு. அசந்துட்டேன். அது என்கிட்ட சேந்தாப்ல பேசினது அன்னைக்குத்தான். எலின்னா பேச்சு வருது.

சுவத்துல ஒரு தாள் ஒட்டியிருந்துச்சு, எலிகிட்ட என்னென்ன கவனிக்கணும்னு. மத்த எலிகிட்ட போறது குறைவா? ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யுதா? இடத்தை மாத்தினாத் தடுமாறுதா? உமிக்கு மேல கோலிக்குண்டு வச்சா எத்தனையைப் புதைக்குது? படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அத்தனையும் எங்க வீட்டுக்காரர் அருளப்பன். கல்யாண வீட்டுல கை கழுவின அடுத்த நிமிஷம் பைக்குக்குப் பக்கத்துல போய் நின்னுக்குவாரு. பூட்டின கதவை மூணு தடவை இழுத்துப் பாப்பாரு. கட்டிலை இந்தச் சுவத்துலேர்ந்து அந்தச் சுவத்துக்கு நகர்த்தினேன், நாலு நாள் தூங்கல மனுஷன். கோலிக்குண்டு ஒண்ணுதான் பாக்கி. அதுவும் நான் இன்னும் குடுத்துப் பாக்கல. லோசனிகிட்ட சொன்னா, "அக்கா, அந்தத் தாள் எலிக்கு ஒட்டினது. மாமாவை விட்டுடுங்க"ன்னுச்சு.

முக்கியமான சோதனை ஒண்ணு இருக்கு. மூணு ரூம் வச்ச வீடு மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டி. நடு ரூம்ல நம்ம எலியை விடுவாங்க. ஒரு பக்கத்து ரூம்ல காலிக் கம்பிக் கூண்டு. இன்னொரு பக்கத்துல அதே மாதிரி கூண்டுக்குள்ள ஒரு வெளி எலி, சின்னது. பத்து நிமிஷம் ஆளுங்க வெளிய வந்துடணும், மேல கேமரா ஓடும். சாதா எலியா இருந்தா, யாரு புதுசா வந்திருக்கான்னு அந்தப் பக்கமே போய் மோந்துக்கிட்டுக் கிடக்கும். ஜீன் மாத்தின எலிக்குக் காலிக் கூண்டும் ஒண்ணுதான், வெளி எலியும் ஒண்ணுதான். எது யாரு பக்கத்துல எத்தனை விநாடி நின்னுச்சுன்னு லோசனி வீடியோவைப் பாத்து எழுதும். ரெண்டு வகைக்கும் வித்தியாசம் தெரியணும். அதுதான் ஆராய்ச்சிக்கே அஸ்திவாரம்.

தெரியல! சாதா எலியும் போகல. வெளி எலியை ஒரு தடவை மோந்து பாத்துட்டு, மூலையில போய் முகத்தைத் துடைச்சுக்கிட்டு உக்காந்துடுச்சு. லோசனி திரும்பப் பண்ணிச்சு, திரும்பவும் அப்படியே. மேடம், "உன் கையில ஏதாவது வாசனை வருதா?"ன்னாங்க. புள்ள சோப்பை மாத்துச்சு. தலைக்கு எண்ணெய் வைக்கிறதை விட்டுச்சு. லைட்டைக் குறைச்சுப் பாத்துச்சு, ஃபேனை நிறுத்திப் பாத்துச்சு. கிட்டத்தட்ட ஒரு வருஷம். கடைசியில மேடம், "இந்தத் தலைப்பை விட்டுடலாம்மா, வேற பாப்போம்"னுட்டாங்க. வந்து மூணு வருஷம் ஆகியிருந்துச்சு அப்ப. புள்ள அழல. உமி மூட்டை மேல உக்காந்து அந்த வெறும் பெட்டியையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் என் பங்குக்கு மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன். எலிங்களையும் முன்னைவிட நல்லாக் கவனிச்சேன்.

எப்படின்னா, அதையும் சொல்றேன். அந்த வெளி எலிங்க வாரத்துக்கு மூணு புதுசா வரும், தனியா ஒரு அலமாரியில, யாரோடயும் சேராமக் கிடக்கும். பாவமா இருக்கும் பாக்க. தெருவுக்குப் புதுசா ஒரு குடும்பம் குடி வந்தா நாம என்ன பண்றோம்? கூட்டிட்டுப் போய் நாலு வீட்டுக்குக் காட்டி, "இவங்க மேல் போர்ஷனுக்கு வந்திருக்காங்க"ன்னு சொல்றதில்லையா? ஞாயித்துக்கிழமை உமி மாத்தறப்ப இங்க யாரும் இருக்க மாட்டாங்க. பூசைக்குப் போயிட்டு நேரா வந்துடுவேன். அந்த மூணையும் எடுத்து ஒவ்வொரு கூண்டுலயும் கொஞ்ச நேரம் விடுவேன். "இது உங்க அத்தை மகன், செவ்வாய்க்கிழமை பெட்டியில பாப்பீங்க, பயப்படாதீங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த கூண்டு. சின்னக் குட்டிங்கதானே, பெருசுங்க ஒண்ணும் பண்ணாது. ஒரு கூண்டு விடாமக் காட்டிடுவேன். எதுக்கு? பெட்டிக்குள்ள திடீர்னு முகம் தெரியாத ஆளைப் பாத்து மிரண்டு, லோசனியோட சோதனை கெட்டுடக் கூடாதேன்னுதான்.

ஏன் சிரிக்கிறீங்க?

மறைச்சு எல்லாம் பண்ணல. நோட்டுல எழுதியிருக்கேன். அதோ, உங்க கைக்குப் பக்கத்துல, காக்கி அட்டை போட்டது. எடுத்துப் பாருங்க. நடுவுல பிரிங்க, ஞாயிறுன்னு போட்ட இடம். "உமி மாற்றப்பட்டது. புதிய எலி 3. எல்லா வீட்டுக்கும் காட்டப்பட்டது." கீழ என் கையெழுத்து. மாசக் கடைசியில மேடம் கையெழுத்தும் இருக்கு பாருங்க, பச்சை மையில. படிச்சுட்டுத்தான் போட்டிருப்பாங்க.

எத்தனை வாரமா? எண்ணிக்கங்களேன், நாப்பது நாப்பத்தஞ்சு இருக்கும். என்னக்கா, கண்ணாடியெல்லாம் மாட்டிக்கிட்டுப் பக்கம் பக்கமாப் பாக்கறீங்க? என் கையெழுத்து அழகாத்தான் இருக்கும். ஏழாங்கிளாஸ்ல பரிசு வாங்கினவ.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை. தலைப்பை விடறதுக்கு முன்னாடி எலிங்களைக் கடைசியா ஒரு தடவை பாத்துட்டுப் போகலாம்னு அந்தப் புள்ள வந்திருக்கு. எனக்குத் தெரியாது. கதவுல சின்னதா ஒரு கண்ணாடி இருக்குல்ல, அது வழியா நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கு. மேரியக்கான்னு ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல? அதான் குடுக்காதே. நான் ஆறாவது வீட்டுக்குக் காட்டிட்டுத் திரும்பறேன், மூக்கு கண்ணாடியில அப்பிக்கிட்டு நிக்குது.

உள்ள வந்துச்சு. "எத்தனை நாளா மேரியக்கா இப்படி?"

"நீ சோதனை ஆரம்பிச்ச முதல் வாரத்துலேர்ந்து. ஒரு வாரம் விடல. ஈஸ்டர் அன்னைக்குக்கூட வந்து காட்டினேன்."

"எல்லா எலிக்குமா?"

"பின்ன? ஒண்ணுக்குக் காட்டி ஒண்ணுக்குக் காட்டாம விட்டா அதுங்க மனசு என்ன பாடுபடும்?"

பொத்துன்னு தரையில உக்காந்துச்சு. முகத்தை ரெண்டு கையாலயும் மூடிக்கிச்சு. தோளு குலுங்குது. அழுவுதுன்னு பதறிப்போய்க் கிட்ட போனா, சிரிக்குதுக்கா! கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்குது. "அப்ப இதுங்களுக்கு வெளி எலியே கிடையாதுக்கா, எல்லாம் சொந்தக்காரங்க. ஏற்கெனவே பாத்த அத்தை மகனை யாரு போய் மோந்து பாப்பாங்க?"ன்னுச்சு.

அதுக்கப்புறம் புதுசா எலி வளர்த்து, எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சுச்சு. நான் யாரையும் யாருக்கும் காட்டல. ஞாயித்துக்கிழமையானா கை துறுதுறுங்கும், காட்டல. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. வித்தியாசம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. சாதா எலி வெளி எலி பக்கமே ஓடுச்சு, மத்தது அது பாட்டுக்கு இருந்துச்சு.

இது வரைக்கும் சரி. என் மனக்குறை இனிமேத்தான். விஷயம் தெரிஞ்சதும் மேடம் இங்க வந்து நின்னு கத்தினாங்க. "வெளி எலி எப்படி முன்னாடியே மத்த எலிங்களைப் பாத்துச்சு? யாரு விட்டது?" நான் வாயைத் திறக்கறேன், லோசனி முந்திக்கிச்சு. "என் கவனக்குறைவு மேடம். நான்தான் சரியாப் பிரிச்சு வைக்கல." சொல்லிட்டு என்னை ஒரு பார்வை பாத்துச்சு. வாயைத் திறந்தீங்க, பாருங்கன்னு அதட்டற மாதிரி. அப்படியே நின்னுட்டேன். அரை மணி நேரம் திட்டு. அத்தனையையும் அதுவே வாங்கிக்கிச்சு.

நீங்களே சொல்லுங்க, நியாயமா? எலி வீட்டுல ஒண்ணு நடந்தா அது சகாயமேரி பண்ணினதுதானே? நேத்து வந்த புள்ள அதைத் தன் பேர்ல எழுதிக்கிச்சு. படிச்சவங்க இப்படித்தான், தப்பைக்கூட நமக்கு விட்டு வைக்க மாட்டாங்க. என்னைக் கண்டா அவ்வளவு இளக்காரம்.

நான் பயந்துக்கிட்டுச் சும்மா இருந்தேன்னு நினைச்சுடாதீங்க. என்னை யாரு என்ன பண்ண முடியும்? வருஷா வருஷம் ஜூன்ல மேடம் என் பேரைப் புதுசா எழுதிக் குடுக்கணும், அவ்வளவுதான். என்கூட குமரேசன்னு ஒருத்தன் வேலை பாத்தான். ஒரு நாள் கூண்டை மூடாமப் போயிட்டான், பதினாலு எலி ஓடிப் போச்சு. அடுத்த ஜூன்ல அவனைக் காணோம். அவனுக்கே இந்த வேலை பிடிக்கலையாம், மேடம்தான் சொன்னாங்க.

புத்தகத்துல அந்த வருஷத்தைப் பத்தி ஒரே ஒரு வரிதானாம். "கையாள்வதில் நேர்ந்த என் பிழையால் முதல் தொகுதி எலிகள் சேர்க்கப்படவில்லை." நேத்து மேடம் இதே பெஞ்சுல உக்காந்து புள்ளையை உலுக்கி எடுத்துட்டாங்க. "இந்த வரியைத்தான் எக்ஸாமினர் பிடிப்பாங்க. ஒத்துவராத கணக்கைத் தூக்கிப் போட்டுட்டு, ஒத்துவந்ததை மட்டும் வச்சுக்கிட்டியான்னு கேப்பாங்க. என்ன பிழை, எப்படி நடந்துச்சு, விவரமாச் சொல்லு பாப்போம்." சொல்லல. தரையைப் பாத்துக்கிட்டு நிக்குது. மேடம் போனப்புறம் நானே அந்த மைசூர்க்காரர் மாதிரி காலு மேல காலு போட்டு உக்காந்து கேள்வி கேட்டேன். முதல்ல சுலபமா இருக்கட்டும்னு "சாப்பிட்டியா?"ன்னேன். தலையை ஆட்டுச்சு. அதுக்கு மேல போகல.

இதோ, அதுவே வருது பாருங்க. ஏ லோசனி, வா, வா. மயில் கழுத்துக் கலரு உனக்கு நல்லா எடுக்குது. ஏன் வாசல்லயே நின்னுட்டே? ஏன் இப்படி வெளுத்துப் போறே? இந்தக்கா பொண்ணை எம்.எஸ்சி. சேர்க்க வந்திருக்காங்க. ரொம்ப நல்லவங்க, ஒரு வார்த்தை குறுக்கப் பேசல. நம்ம கதையெல்லாம் சொல்லிட்டேன். கும்பிட்டது போதும், கையை இறக்கு.

என்னக்கா? அதுகிட்டயே கேக்கணுமா? முதல் தொகுதியை ஏன் விட்டேன்னா? நான் இவ்வளவு நேரம் அதைத்தானே சொன்னேன்... சரி, கேளுங்க. பதில் வராது. நீங்க மனசுல வச்சுக்கக் கூடாது.

அட.

பேசுதே! கொஞ்சம் மெதுவாச் சொல்லு, எனக்கும் புரியட்டும். என்னது? "வெளி எலி ஏன் வெளி எலியாவே இருக்கணும்னு நான் மேரியக்காவுக்கு ஒரு நாளும் சொல்லல. தனியா வைங்கன்னு மட்டும் சொன்னேன், காரணம் சொல்லல. கதவுல ஒரு தாள் ஒட்டல. வாராவாரம் அவங்க எழுதி வச்சதைப் புரட்டிக்கூடப் பாக்கல. பிழை என்னோடதுதான்." பாத்தீங்களாக்கா, திரும்பவும் தன் பேர்லயே எழுதிக்குது! அந்த வருஷக் கணக்கு ஒண்ணைக்கூடத் தூக்கிப் போடலையாம். வீடியோவோட மேல அலமாரியில இருக்காம். எப்ப வேணாப் பாக்கலாமாம். அப்புறம் என்ன சொல்றே? மேரியக்கா பேரை எழுதினா மேரியக்காவை வேலையில வச்சிருக்க மாட்டாங்களா? யாரு சொன்னா உனக்கு? அக்கா, இதை நம்பாதீங்க. நான்தான் பண்ணினேன். என் கையெழுத்தே இருக்கு.

அடேயப்பா, நீங்களும் விட மாட்டேங்கறீங்களே. கூண்டு எத்தனை, வெளி எலிக்கு வயசென்ன, வீடியோ பாக்கறப்ப எது எந்த வகை எலின்னு உனக்குத் தெரியுமா தெரியாதா... பொண்ணைச் சேர்க்க வந்தவங்க கேக்கற கேள்வியா இதெல்லாம்? அதுவும் டக்டக்குன்னு சொல்லுது. கையை வேற ஆட்டுது. எலி பேச்சுன்னா இப்படித்தான், நான் சொன்னேன்ல?

இருங்க, மேடம் போன் பண்றாங்க. ஆங், மேடம். லோசனி இங்கதான் மேடம் இருக்கு. ரயில் வந்துடுச்சா? என்னது, ஆளைக் காணோமா? ரயில்லயே இல்லையா? இல்ல மேடம், இங்க யாரும் வரல. அட்மிஷனுக்கு வந்த ஒரு அக்காதான் உக்காந்திருக்காங்க. சரிங்க மேடம்.

கேட்டீங்களா? அந்த மைசூர்க்காரர் வரவே இல்லையாம். இன்னைக்குன்னு பாத்து! ஒரு புள்ளையோட அஞ்சு வருஷ உழைப்பு, கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்?

இதுல சிரிக்க என்ன இருக்கு, ரெண்டு பேருக்கும்? லோசனி, மணி பத்தே முக்கால். நீ மேல போய்த் தயாரா இரு. மனுஷர் எந்த வழியிலயாவது வந்து சேருவாரு. இந்தக்காகிட்ட பேசின மாதிரியே அவர்கிட்டயும் பேசிடு, போதும்.

நீங்க எங்கக்கா எழுந்துட்டீங்க? நோட்டை வேற கையில எடுத்துக்கிட்டு? மேடம் வந்ததும் உங்க பொண்ணு விஷயத்தை நானே சொல்றேன், நீங்க நிம்மதியா உக்காருங்க. அங்க பெரிய பெரிய ஆளுங்க உக்காந்து அந்தப் புள்ளையைக் கேள்வி கேக்கப் போறாங்க. உங்களுக்கு அங்க என்ன வேலை?